உறையக் கூடாத மருந்து

பேக்கரியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது கெட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறாளோ அதைக் கொண்டுபோய் டீப் ஃப்ரீஸரில் போட்டுவிடுவாள். வெண்ணெய், க்ரீம், ஈஸ்ட் பாக்கெட் எல்லாம் சரி, அதற்காகத்தானே அந்தப் பெட்டியை வாங்கியது. ஆனால் அவள் அதோடு நிற்கிற ஆளில்லை. வெளியூர் போகிற நாளில் கழுத்துச் சங்கிலியைச் சுருட்டி க்ரீம் டப்பாவுக்குள் புதைத்துவிட்டுப் போனவள். பூச்சி விழுந்துவிடும் என்று ஒரு மூட்டை மைதாவை உள்ளே திணித்து, வெண்ணெய்க்கு இடமில்லாமல் போய், மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"அம்மா, என்னையும் ஒரு நாள் உள்ள வச்சுப் பூட்டிடப் போறே" என்பான் மகன்.

"நீதான் ஏற்கெனவே கெட்டுப்போயிட்டியே. உன்னை வச்சு என்ன பண்றது?" என்பாள்.

கீழே கடை. கடைக்குப் பின்னால் அடுப்பறை. மேலே வீடு. அடுப்பு எரிகிற நேரத்தில் வீட்டுத் தரையில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. அந்த வருஷம் வெயிலும் சேர்ந்துகொண்டது. காலையில் பிசைந்த மாவு சொன்ன நேரத்துக்கு முன்பே பொங்கி வழிந்தது. அடுப்புக்காரர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இந்த வெயில்ல அடுப்பு எதுக்கும்மா, தட்டை எடுத்து மொட்டை மாடியில வச்சா ரொட்டி வெந்துடும்" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே ஒரு தட்டுகூடக் கருகாமல் இறக்கிவிடுவார்.

மருமகள் அந்த வீட்டுக்கு முதலில் மருமகளாக வரவில்லை, கேக் போட வந்தாள். அவள் க்ரீம் பையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றியதைப் பார்த்ததுமே பேக்கரியம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. மகன் அவளைக் கண்ணெடுத்துப் பார்க்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள், கேக் தட்டை மாரோடு அணைத்துத் தூக்கும்போது ஒரு பக்கம் மட்டும் என்னவோ உறுத்துகிறது என்றாள். உறுத்தியது கட்டி. கட்டி வெறும் கட்டி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு.

அறுவை முடிந்தது. மார்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறியதும் கீமோ ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் பேக்கரியம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அந்த மருந்து கருப்பையையொட்டிய சினைப்பையைப் பாதிக்கலாம், பின்னால் குழந்தை தங்காமல் போகலாம். விருப்பமிருந்தால் கீமோவுக்கு முன்னால் ஊசி போட்டு, கருமுட்டைகளை வளர்த்து எடுத்து, உறைய வைத்துவிடலாம். எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். "யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க" என்றாராம்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. ரொட்டியை யாரும் வெட்டவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நேரா மருந்தை ஆரம்பிக்கச் சொல்லு" என்றாள் பேக்கரியம்மா.

"புண்ணு ஆறினப்புறம்தானே அத்தை கீமோ? அதுக்குள்ள இதை முடிச்சுடலாமாம். ஒரு நாள்கூட தள்ளிப் போகாதுன்னு சொல்றாங்க."

"சொல்லுவாங்க. ஊசி போட்டு முட்டையை வளத்தா உடம்புல அதுக்கான ஹார்மோன் சுரப்பும் சேந்து ஏறாதா? அதைத் தின்னுதான் இந்தச் சனியன் வளருதுன்னு அந்தப் புற்றுநோய் டாக்டரே சொன்னாரு இல்ல?"

"அதுக்குத்தான் கூடவே ஒரு மாத்திரை குடுக்கறாங்க. ஏற விடாம பாத்துக்குமாம். இப்படிப் பண்ணிக்கிட்டவங்களுக்கு நோய் அதிகமா திரும்பி வந்ததா இதுவரைக்கும் தெரியலைன்னு சொன்னாங்க."

"தெரியலைன்னா? வராதுன்னு சொன்னாங்களா?"

மருமகள் கரண்டியைப் பார்த்தாள். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா சொல்றதுலயும் ஒரு…" என்று மகன் ஆரம்பித்தான்.

"நீ யார் பக்கம்?" என்றாள் மருமகள்.

"உன் பக்கம்தான். அம்மாவும் நம்ம பக்கம்தானே?"

"எனக்குப் பேரக்குழந்தை வேணும்னு நான் கேட்டேனா?" பேக்கரியம்மாவின் குரல் ஏறியது. "கல்யாணமான நாள்லேர்ந்து என்னைக்காவது வாயைத் திறந்து கேட்டேனா? நீ இருந்தா போதும்டி எனக்கு."

"நீங்க கேக்கலை அத்தை. நான்தான் கேக்கறேன்."

ரொட்டியை இழுத்து வைத்து வெட்ட ஆரம்பித்தாள் பேக்கரியம்மா.

சற்று நேரம் கழித்து மகன்தான் பேச்சை மாற்றினான். "முட்டையாவே வைக்கணுமா, கருவா ஆக்கி வைக்கணுமான்னு கேட்டாங்களே. கருவாவே வச்சுடலாம். அதுதான் நல்லா நிக்குமாம்."

"வேண்டாம். முட்டை போதும்."

"ஏன்? நான் ஒருத்தன் இல்லையா?"

"நீ இருக்கே. நான் இருப்பேனான்னுதான் தெரியலை. எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா அங்க ஒரு கரு உறைஞ்சு கிடக்கும். அதை என்ன பண்றதுன்னு நீயும் அத்தையும் இதே மேசையில உக்காந்து பேசணும். அந்தப் பேச்சை உங்க தலையில கட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. முட்டைன்னா என்னோடது. என்னோட முடிஞ்சுடும்."

மகனின் முகம் சுண்டிப்போயிற்று. "கீழ தட்டுத் தட்டா முட்டை அடுக்கி வச்சிருக்கோம். ஒரு பயலும் மதிக்கறதில்லை. உன் முட்டைக்கு மட்டும் என்னா மரியாதை பாரு" என்றான். அவன் அழாமல் இருப்பதற்காகச் சொன்ன ஜோக் அது. மருமகள் அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவாகிவிட்டது.

பேக்கரியம்மாவுக்கு மட்டும் முடிவாகவில்லை. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கும் இதே இடத்தில் இதே கட்டி. மூத்த மகளுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றாள். பரீட்சை முடிந்தது, வீடு மாற்றிவிட்டுப் பார்த்துக்கலாம் என்றாள். வீடு மாற்றினாள். புது வீட்டில் ஒரு மழைக்காலம்கூட அவள் முழுசாக இருக்கவில்லை. அன்றிலிருந்து அப்புறம் பார்த்துக்கலாம் என்று யார் சொன்னாலும் பேக்கரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய தட்டைக் கழுவுவதை அடுப்புக்காரர் தள்ளிப்போட்டால்கூட ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

ஊசி ஆரம்பமாயிற்று. பேனா மாதிரி இருக்கும். தலையைத் திருகி அளவு வைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்ள வேண்டும். சாயங்கால ரொட்டி இறங்குகிற நேரம்தான் அதற்கும் நேரம். மகனுக்கு ஊசியைக் கண்டால் கண் இருட்டும். அவன் கடையில் கூட்டம் என்று சொல்லிக் கீழே ஓடிவிடுவான். பேக்கரியம்மா கூட்டம் என்றுகூடச் சொல்வதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடிப்பாள். ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து மருமகள் தனக்குத்தானே குத்திக்கொண்டு, தனக்குத்தானே பத்து எண்ணிக்கொண்டு, ஊசியை எடுத்து டப்பாவில் போடுவாள். நடுவில் ஒருநாள் ஸ்கேன் எடுத்தார்கள். நன்றாக வளர்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை வந்து சந்தோஷமாகச் சொன்னாள். "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் பேக்கரியம்மா.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் கிழடு. கதவு ரப்பர் பிய்ந்து, வெயில் தாங்காமல் உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் பால் எடுக்கத் திறந்த பேக்கரியம்மா மருந்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியே இல்லை. அவ்வளவு தூரம் அலைந்து வாங்கி வந்த மருந்து இது, இப்படி வெந்நீரில் வைத்த மாதிரி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஊசி பிடிக்காதுதான். அதற்காகப் பொருளைக் கெட விடுவாளா? பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போய் டீப் ஃப்ரீஸரில், வெண்ணெய்க்கும் ஈஸ்ட்டுக்கும் நடுவில், பத்திரமாக வைத்து மூடினாள். முட்டையையே வருஷக்கணக்கில் உறைய வைக்கப்போகிறார்கள், அதற்கான மருந்துக்குக் குளிர் ஆகாமல் போகுமா என்று அவளுக்குத் தோன்றியது. சாயங்காலத்துக்கு முன்னால் மேலே கொண்டுபோய்க் கொடுத்தால் போயிற்று.

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். மருமகள் மேலே படுத்திருந்தாள். மகன் கேக் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தான்.

"இன்னைக்குலேர்ந்து ஊசி அளவைக் கொஞ்சம் கூட்டிக்கச் சொல்லுங்கம்மா" என்று அளவைச் சொன்னாள் நர்ஸ். "அப்புறம், வெயில் காலம். மருந்து ஃப்ரிட்ஜுல தானே இருக்கு?"

"இருக்கு."

"ஃப்ரீஸர்ல மட்டும் வச்சுடாதீங்க. போன மாசம் ஒருத்தங்க வச்சுட்டாங்க. உறைஞ்சு போச்சுன்னா அது வீண். குத்தினாலும் ஒண்ணுதான், குத்தாட்டாலும் ஒண்ணுதான். நல்லவேளை உடனே சொன்னாங்க, அன்னைக்கே வேற குடுத்துட்டோம். ஒண்ணும் ஆகலை."

போனை வைத்துவிட்டு ஃப்ரீஸரைத் திறந்தாள். பேனாவின் சின்னக் கண்ணாடிக்குள் மருந்து வெள்ளையாக இறுகியிருந்தது. பெட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு, உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாடிப்படி ஏறினாள். சத்தியமாக அப்படித்தான் ஏறினாள்.

பாதிப் படியில் அந்த நினைப்பு வந்தது. இது பலிக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் நேராக வைத்தியம்தான். அந்தச் சுரப்பும் ஏறாது, நாளும் வீணாகாது, பெண் பிழைத்துக்கொள்வாள். யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. தானாக நடந்ததுதானே, யார் என்ன செய்ய முடியும்?

அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்ததை அவள் துரத்தவும் இல்லை. மேலே போய், ஓசைப்படாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். உள்ளறையில் மருமகள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலத்துக்குள் மருந்து இளகிப் பார்வைக்குப் பழையபடி ஆகிவிட்டது. மருமகள் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கிக்கொண்டாள். புதுசாகச் சொன்ன அளவைப் பேக்கரியம்மாதான் ஒப்பித்தாள். அதில் மட்டும் ஒரு பிசகும் இல்லை.

"இன்னைக்கு மருந்து ஐஸ் மாதிரி இருக்கு அத்தை."

"ஃப்ரிட்ஜைத் துடைச்சு வச்சேன். நல்லா வேலை செய்யுது இப்ப."

பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. மருமகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. எவ்வளவு பொறுமையாகக் குத்திக்கொள்கிறாள், உள்ளே போவது ஒன்றுக்கும் உதவாத தண்ணீர் என்று தெரியாமல். துணி மடிப்பதற்குத் துணிகூட இல்லை அன்றைக்கு. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள் பேக்கரியம்மா.

மறுநாள் மாவில் உப்பை இரண்டு தரம் போட்டாள். முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அடுப்புக்காரர் ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் துப்பினார்.

"என்னம்மா இது? இதைத் தின்னவன் கடலுக்குக் குளிக்கப் போக வேண்டாம்."

"கை தவறிடுச்சு."

"உங்களுக்கா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மேல பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைத்தாள். மகன் வரட்டும் என்று நினைத்தாள். அவன் வந்ததும், அவன் குதிப்பானே, பெண் சாப்பிடட்டும் என்று நினைத்தாள். எந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருமோ அதைத்தான் தானும் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவள் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் ஊசி போயிற்று. அதற்கு மறுநாளும் போயிற்று. ஒரு வாய் சோறு இறங்கவில்லை அவளுக்கு. வெயிலில் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் ஸ்கேனுக்குப் போனவர்கள் உச்சி வெயிலில் திரும்பி வந்தார்கள். மகன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் மாடிக்குப் போகவில்லை. அடுப்பறைக்குள் வந்து, கேக் அட்டைப் பெட்டி மடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஒரு அட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பேக்கரியம்மா.

"வளரலை அத்தை. அன்னைக்கு நல்லா இருந்துச்சு இல்ல? இப்ப அப்படியே நின்னு போச்சாம். அளவைக் கூட்டியும் நிக்குது. டாக்டரம்மாவுக்கே புரியலை. சில பேர் உடம்பு இப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க."

"வேற மருந்து ஏதாவது குடுத்துப் பாக்கலாம்னாங்க" என்றான் மகன். "இல்லைன்னா நிறுத்திடலாமாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"நிறுத்திடலாம்" என்றாள் மருமகள். அட்டையின் மூலையை உள்ளே செருகினாள். அது நிற்கவில்லை. மறுபடி செருகினாள். "இந்த உடம்புக்கு என்கிட்ட என்னதான் விரோதமோ. வளரக் கூடாதது வளருது. வளருன்னு கெஞ்சினா நிக்குது. இவ்வளவு நாளா எல்லாரையும் எதிர்த்துக்கிட்டு நின்னேன். என் உடம்பே என் பக்கம் இல்லைன்னா நான் யாருக்காக நிக்கறது? நீங்க சொன்னதுதான் சரி அத்தை. முதல்லயே கேட்டிருக்கணும்."

பேக்கரியம்மா மூன்று நாளாகக் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. நீங்க சொன்னதுதான் சரி என்று அந்தப் பெண் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். இனி இவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் அந்தப் பெண் தன் வயிற்றைப் பார்த்த பார்வையைப் பேக்கரியம்மாவால் தாங்க முடியவில்லை. வேண்டாத பொருளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"உன் உடம்பு மேல தப்பில்லை" என்றாள்.

"விடுங்க அத்தை. ஆறுதல் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்லடி. மருந்து கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்."

அடுப்புக்காரர் தட்டை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே கடைப்பக்கம் போய்விட்டார்.

பேக்கரியம்மா சொன்னாள். ஃப்ரிட்ஜ் சொட்டியது, கீழே கொண்டுவந்து வைத்தது, நர்ஸ் போன் செய்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மகன் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தான்.

"நர்ஸ் எப்ப போன் பண்ணினாங்க?"

"அன்னைக்கே. மதியம்."

"அன்னைக்கேவா? அப்ப சாயங்காலம் குத்திக்கிட்டப்ப உனக்குத் தெரியும்! நேத்தும் தெரியும்! நீயெல்லாம் ஒரு மனுஷியாம்மா?" அவன் ஓங்கி மேசையில் அடித்தான். மாவு புகையாகப் பறந்தது.

மருமகள் கத்தவில்லை. கையிலிருந்த அட்டையை மடிக்காமல் வைத்தாள்.

"தெரிஞ்சு வச்சீங்களா, தெரியாம வச்சீங்களா?"

"உள்ள வச்சது தெரியாம." பேக்கரியம்மா மேசையில் சிந்திய மாவைக் கையால் கூட்டினாள். "திரும்ப எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சது தெரிஞ்சு."

"ஏன்?"

"பயம்டி. என் தங்கச்சி அப்படித்தானே போனா. அது முடியட்டும் இது முடியட்டும்னு தள்ளித் தள்ளி…"

"உங்க தங்கச்சியை இதுல இழுக்காதீங்க." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அவங்க தள்ளிப்போட்டாங்க. நான் தள்ளிப்போடலை. கீமோவுக்கு நாள் குறிச்சு, அதுக்குள்ள இதை முடிக்கணும்னு ஒவ்வொரு சாயங்காலமும் நேரம் தவறாம குத்திக்கிட்டவ நான். இப்ப நாள் தள்ளிப்போகுதுன்னா யாரால?"

அது அப்போதுதான் பேக்கரியம்மாவுக்கு உறைத்தது. எந்தத் தாமதத்துக்குப் பயந்தாளோ அந்தத் தாமதத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்திருக்கிறாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் அப்படியே மாவுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் எடுக்கறதைப் பத்தியே பேசறீங்க" என்றாள் மருமகள். "மார்ல எடுத்தாச்சு. முடி போகும். பசி போகும். கேக் போடற கையில மரமரப்பு வரலாமாம், அதுவும் போகும். சரின்னு எல்லாத்துக்கும் தலையாட்டினேன். ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு எடுத்து வச்சுக்கறேன்னு கேட்டேன். நாளைக்கு அது குழந்தையாகுதோ இல்லையோ. எடுத்து வச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டுப் போய் அந்தக் கட்டில்ல படுக்கணும்னு கேட்டேன். அது உங்களுக்குப் பொறுக்கலை."

"உன்னை விட்டுக் குடுக்க முடியலைடி."

"அதுக்காக என்னைக் கேக்காமயே என்னை எடுத்து ஃப்ரீஸர்ல வைப்பீங்களா?"

பேக்கரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. மகன் அதற்குள் வாசலுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தான். அவன் கத்திப் பேசுவதும், பிறகு குரல் இறங்குவதும், "சரிங்க, சரிங்க" என்பதும் உள்ளே கேட்டது.

திரும்பி வந்தவன் அம்மாவைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னான்.

"புது மருந்து இன்னைக்கே தர்றாங்க. தொடரலாமாம். ஆனா வீணான நாள் வீணானதுதான். கீமோவைச் சில நாள் தள்ளணும். புற்றுநோய் டாக்டர்கிட்டயும் கேட்டுட்டாங்க. அந்தச் சில நாள் பரவாயில்லையாம், அதுக்கு மேல ஒரு நாளும் கிடையாதுன்னுட்டாரு. முட்டையும் முதல்ல நினைச்ச அளவு கிடைக்காம போகலாம். எத்தனைன்னு இப்ப சொல்ல முடியாதாம்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ என்ன சொல்றியோ அதுதான். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். கழுத்தில் வியர்வை ஓடியது. சில நாள் என்பது மற்றவர்களுக்குச் சில நாள். உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் காத்திருக்கிறவளுக்கு அது எவ்வளவு நீளம் என்று பேக்கரியம்மா நினைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று இன்னமும் அவள் மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை.

"போய் வாங்கிட்டு வா" என்றாள் மருமகள்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். பேக்கரியம்மா மாவுத் தொட்டியருகிலேயே இருந்தாள். அடுப்புக்காரர் திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு டம்ளர் டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாயங்கால ரொட்டியை அடுப்பில் ஏற்றினார்.

ரொட்டி இறங்குகிற நேரத்துக்கு மகன் வந்து சேர்ந்தான். ஐஸ் பையில் சுற்றிய மருந்தைக் கையில் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு படியேறினான். பேக்கரியம்மா பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றாள். உள்ளே போகத் தைரியமில்லை.

மருமகள் ஸ்டூலில் உட்கார்ந்து புதுப் பேனாவைப் பிரித்து, அளவைத் திருகி வைத்தாள்.

"இன்னைக்கு நான் குத்தறேன்" என்றான் மகன். சொல்லும்போதே அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நீ வேண்டாம். விழுந்து வைப்பே, உன்னைத் தூக்க ஆள் இல்லை." வாசலைப் பார்த்தாள். "அத்தை, உள்ள வாங்க. நீங்க குத்துங்க."

"நானா?"

"நீங்கதான். இன்னைக்கும் நீங்கதான். முடியற வரைக்கும் தினமும் நீங்கதான்."

"என்னை இன்னுமா நம்பறே?"

"நம்பலை." பேனாவை நீட்டினாள். "அதனாலதான்."

பேக்கரியம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் மாவு போகவில்லை என்று மறுபடியும் போய்க் கழுவினாள். வந்து தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தரை சுட்டது. மருமகள் சட்டையைத் தூக்கிக்கொண்டு பேனாவை அவள் கையில் வைத்தாள். அந்த வயிற்றில் ஏற்கெனவே குத்திய இடமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகக் கன்றியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"முடியலைடி. இது உள்ள போய் உன்னை ஏதாவது பண்ணிடுச்சுன்னா? என் கையாலயே குத்தி…"

"அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு அத்தை. ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு. நீங்க துணி மடிச்சுக்கிட்டிருந்தீங்க, இவர் கடைக்கு ஓடிட்டாரு, நான் தனியா இங்க உக்காந்து அதையும் சேத்துத்தான் குத்திக்கிட்டேன்." சதையைக் கிள்ளி இழுத்துப் பிடித்துக் காட்டினாள். "இன்னைக்குலேர்ந்து பாதியை நீங்க வாங்கிக்குங்க. இங்க. நேரா."

பேக்கரியம்மா குத்தினாள். ஊசி இறங்கியபோது வயிறு ஒருமுறை சுருங்கியது. அவளுக்குத் தன் வயிற்றில் இறங்கிய மாதிரி இருந்தது. கண்ணை மூடப் பார்த்தாள்.

"கண்ணை மூடாதீங்க. அமுக்குங்க. பத்து எண்ணுங்க. வாய்விட்டு எண்ணுங்க, எனக்குக் கேக்கணும்."

எண்ணினாள். ஐந்தில் குரல் உடைந்தது, நிறுத்தாமல் எண்ணினாள். பத்து வந்ததும் ஊசியை எடுத்தாள். கடுகளவு ரத்தம் துளிர்த்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே மண்டியிட்டிருந்தாள், எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"வலிச்சுதா?" என்றாள்.

"வலிச்சுது" என்றாள் மருமகள். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கும் இதே நேரம். கையைக் கழுவிட்டு வந்துடுங்க."